சத்தியசீலன் நட்ட கல்யாண முருங்கை

மலேசியாவில் மந்தின் என்ற ஊரில் நர்சரி வைத்திருக்கும் சத்தியசீலனுக்கு மரங்கள் விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கக் கூடாதா என்ன? மலாய்க்காரர்கள் டெடாப் என்று சொல்லும் கல்யாண முருங்கையில் எத்தனை வகையைக் கொண்டுவந்து நீட்டினாலும், மும்மூன்றாக நிற்கும் இலையையும் பட்டையிலுள்ள முள்ளையும் பார்த்தே இது இன்னது என்று சொல்லிவிடுவார். இருபது வருஷமாகக் கம்பு வெட்டி நட்டுப் பிழைக்கிறவர். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டுவார். நடும்போது எது மேல், எது கீழ் என்று யாரும் குழம்பக் கூடாது என்பதற்காக அந்த வழக்கம்.

மகள் ரோகினியின் கல்யாணத்துக்கு மட்டும் அதை விட்டுவிட்டார். மணவறையில் நிறுத்தும் கல்யாண முருங்கைக் கம்பு, அதுதான் அரசாணிக்கால், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமே! இரண்டு முனையையும் நேராக வெட்டி, யார் கையிலும் குத்தாதபடி முள்ளைச் சீவி, மஞ்சள் பூசித் துணி சுற்றிக் கொடுத்தார். கல்யாணம் முடிந்ததும் அந்தக் கம்பை கோலா பிலா எஸ்டேட்டில் மாப்பிள்ளை முகுந்தன் வீட்டுக் கொல்லையில் நட வேண்டும். அது தழைத்தால் குடும்பம் தழைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"நீங்களே நடுங்க சம்பந்தி, ஒங்க கைராசிக்கு ஒரு வாரத்துல துளிர் விட்டுரும் லா," என்றாள் முகுந்தனின் அம்மா தைலம்மை. நாலு பேர் பார்க்க அவரே நட்டார்.

மூன்றாவது மாதம் மகளைப் பார்க்கப் போனபோது கம்பு மொட்டையாக நின்றது. ரோகினி காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சத்தியசீலன் குனிந்து, பட்டையிலிருந்த மஞ்சளைத் தேய்த்துப் பார்த்தார். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும். இதில் கீழே இருந்தது. நுனியை மண்ணுக்குள் புதைத்து, அடியை மேலே விட்டு நட்டிருக்கிறார்.

அப்போதே வாயைத் திறந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? நர்சரிக்காரன் கம்பைத் தலைகீழாக நட்டான் என்று எஸ்டேட்டே சிரித்திருக்கும், அவ்வளவுதானே! மனுஷனுக்குத் தன் மானம் பெரிதாகப் போய்விட்டது.

"சில கம்பு லேட்டாத்தான் துளிர் விடும். பொறுங்க," என்றார் தைலம்மையிடம்.

மந்தினில் இன்னொரு கம்பை வேர் பிடிக்க வைத்து, வீட்டில் யாரும் இல்லாத நாளில் வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தார். பையில் ஊன்றிய கம்பு இலை விட்டது. யாரும் இல்லாத நாள்தான் வரவில்லை.

ஆறாவது மாதம் ரோகினிக்குக் கரு கலைந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாலாம் நாள் தைலம்மை சத்தியசீலனுக்குப் போன் செய்தாள். "ஒங்க மகள வந்து கூட்டிட்டுப் போங்க."

அவர் வேன் போய் நின்றபோது ரோகினி வாசலில் பையோடு நின்றாள். முகுந்தன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கம்பு பட்டுப்போனப்பவே எனக்குத் தெரியும்," என்றாள் தைலம்மை. "இவ கால் வச்ச எடத்துல எதுவும் தங்காது."

சத்தியசீலன் கொல்லைக்குப் போய்க் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "இங்க பாருங்க சம்பந்தி, தழும்புக்குக் கீழ மொட்டு இருக்கு. நான்தான் தலைகீழா நட்டுட்டேன். எம் மக மேல ஒரு குத்தமும் இல்ல."

"மகளக் காப்பாத்த இப்ப வந்து கதை சொல்றீங்களா? அன்னிக்கு லேட்டாத்தான் துளிர் விடும்னு சொன்னது யாரு?"

தைலம்மை உள்ளே போனாள். முகுந்தனும் எழுந்து பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினான்.

வேன் சிரம்பான் சாலையில் ஏறியதும் ரோகினி கேட்டாள்.

"ஒங்களுக்கு எப்பப்பா தெரியும்?"

பொய் சொல்லத்தான் நினைத்தார். நாக்கு புரளவில்லை. "மூணாவது மாசமே தெரியும்மா."

ரோகினி அவர் பக்கம் திரும்பினாள். "புள்ள போன அன்னிக்கு, நான் ஊத்துன தண்ணியிலதான் ஏதோ தோஷம்னு சொல்லிச் சொல்லி அழுதேன். நீங்க ஆஸ்பத்திரியில எங் கையப் புடிச்சிக்கிட்டு பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க?"

வேனை நிறுத்தச் சொன்னாள்.

"சிரம்பான்ல கூட்டாளி வீட்டுக்குப் போறேன். நீங்க வராதீங்க."

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய் வெகுநேரமாகியும் சத்தியசீலனுக்கு வேனைக் கிளப்பக் கை வரவில்லை.