மெஹராஜ் பேகத்தின் விசிட்டிங் கார்டு

கெட்டிப் பேப்பர் பாதி உள்ளே போய் பிரிண்டரில் சிக்கிக்கொண்டது. ஜெக்கரியா பின்மூடியைத் திறந்து, கிழியாமல் அதை மெல்ல உருவிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து மனைவி மெஹராஜ் பேகத்தின் குரல் கேட்டது.

"வந்திருச்சா?"

"வருது. மாட்டிக்கிச்சு."

"மெதுவா இழுங்க. மிஷின ஒடச்சிராதீங்க."

குரலில் பாதி மூச்சுதான் இருந்தது. இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லி அனுப்பியதிலிருந்து அவள் தலையணைகளில் சாய்ந்தபடிதான் தூங்கினாள். அடுப்படிப் பக்கம் போய் மாதங்களாயிற்று. ஆனாலும் நேற்றுக் கஞ்சி குடித்த கையோடு கேட்டாள்: "அந்தக் கார்டு என்னாச்சுங்க?"

கல்யாண வீடுகளுக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இனிப்பாக வட்டலப்பம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். மல்லிப்பட்டினத்திலிருந்தெல்லாம் அவள் கைப்பக்குவத்தைத் தேடி அதிராம்பட்டினத்துக்கு வருவார்கள். ஜெக்கரியா சவூதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கர்களைக் கம்ப்யூட்டரில் அடிப்பது அங்கே அவர் வேலைகளில் ஒன்று. அவர் ஒரேயடியாக ஊர் திரும்பிய புதிதில், "எனக்கும் ஒரு கார்டு அடிச்சுத் தாங்க" என்றாள். அன்று மாலையே உட்கார்ந்தார். 'ஜெக்கரியா ஹோம் ஸ்வீட்ஸ்' என்று மேலே பெரிதாக வைத்து, கீழே தன் நம்பரைப் போட்டார்.

"பொம்பள நம்பரப் போட்டா கண்டவனும் பேசுவான்" என்று தானாகவே ஒரு காரணமும் சொன்னார்.

அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதன்பிறகு கார்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஏன் பேசவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரியாதவர்போல் இருந்துகொள்வது சுலபமாக இருந்தது.

இன்று காலை அந்த வடிவத்தை முழுவதுமாக அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். நடுவில் அவள் பெயர். அதன் கீழே, வட்டலப்பம் ஆர்டருக்கு. அதற்கும் கீழே அவள் நம்பர்.

இரண்டாம் முறை பேப்பர் ஒழுங்காக வெளியே வந்தது. ஸ்கேலை வைத்து பிளேடால் ஒரு கார்டை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மகள் நுஸைபா தாயின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி எடும்மா" என்றாள் மெஹராஜ் பேகம். போட்டுக்கொண்டு படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"பேரு இவ்ளோ பெருசா எதுக்கு?"

"கல்யாண வீட்ல வயசானவங்கள்லாம் படிக்க வேணாமா?"

"நம்பரு என்னோடதுல்ல?"

"ஆமா."

"கண்டவனும் பேசுனா?"

"நீ பேசிக்க. ஒனக்கா பேசத் தெரியாது?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது. நுஸைபா தண்ணீரைக் கொடுத்து, கார்டை வாங்கி வைக்கப் போனாள். தாய் விடவில்லை.

"இஞ்ச பாருங்க. வட்டலபம்னு அடிச்சிருக்கீங்க. ஒரு 'ப்' போச்சு."

ஜெக்கரியா குனிந்து பார்த்தார். உண்மைதான்.

"இதப் போயி யாருகிட்ட குடுப்பேன்? எனக்குச் செய்யத் தெரியாதுன்னுல்ல நெனப்பாங்க."

"இந்தா, மாத்திட்டு வந்துர்றேன்."

"அவசரமில்ல. மெதுவா செய்ங்க."

எழுத்தைத் திருத்தி, இன்னொரு தாளைச் செருகிவிட்டு நின்றார். பிரிண்டர் உறுமிக்கொண்டு மேல்வரிசையைத் தள்ள ஆரம்பித்தபோது, "வாப்பா" என்றாள் நுஸைபா. சத்தமாகக்கூட இல்லை. அந்தக் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே போனபோது மகள் தாயின் காதருகே கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் சேர்ந்து சொன்னார். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். விரல்களில் இன்னும் சூடு இருந்தது. கண்ணாடி மூக்கில் கொஞ்சம் சரிந்திருந்தது. மறு கையால் அதைக் கழற்றி மடக்கினார். வெளியறையில் மிஷின் வேலையை முடித்துக்கொண்டு தானாக நின்றது.

சற்று நேரத்தில் வீடு பெண்களால் நிறைந்தது. பக்கத்து வீட்டு நஃபீசா கம்ப்யூட்டர் மேல் ஒரு துணியைப் போர்த்தினாள். ஜெக்கரியா வாசலுக்கு வந்து நின்றார். பள்ளிவாசலில் அறிவிப்புச் சொல்லும் அன்சார் வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டான்.

"காக்கா, மைக்ல சொல்லணும். ஜெக்கரியா அவர்களின் மனைவி வஃபாத்தாகிட்டாங்க, அசர் தொழுகைக்கப்பறம் அடக்கம்னு சொல்லிரவா?"

அவர் கேட்டுப் பழகிய அறிவிப்பு அப்படித்தான். எத்தனையோ வீடுகளுக்கு அதைக் கேட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். இன்றைக்கு அது போதவில்லை.

"பேரச் சொல்லுங்க தம்பி. மெஹராஜ் பேகம். அத மொதல்ல சொல்லுங்க. எம்பேரு அப்பறமா வந்தாப் போதும்."

அன்சார் அவர் முகத்தைப் பார்த்தான். "சரி காக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் அவள் பெயர் வந்தது. தெருவின் இரண்டு பக்கச் சுவர்களிலும் பட்டுத் திரும்பியது. வழக்கப்படி மறுமுறையும் சொன்னார்கள். உள்ளே ஓதிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள்.

தெருமுனையில் மீன்காரர் ஒருவர் ஹாரனை அடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பினார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்தார். இறங்கி, பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்த வீட்டைத் தாண்டும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்.