முப்பதாயிரத்து முப்பத்தொன்றாம் எண் வீடு

எங்கள் ஊரில் கதவு எண் எதனால் மீதியில்லாமல் வகுபடுகிறதோ, அத்தனை துண்டுகளாக நகராட்சி வீட்டை வெட்டிவிடும். துண்டுக்கு ஒருவர்தான் குடியிருக்கலாம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண் அமைந்தால் வீடு முழுசாக நிற்கும், குடும்பமும் சேர்ந்திருக்கும். எதிர்வரிசை முழுக்க இரட்டைப்படை எண்கள். அங்கே புருஷன் ஒரு பாதியிலும் பெண்டாட்டி ஒரு பாதியிலும் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு எண் 30031. பகா எண் என்று முத்திரை குத்திய சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் நானும் என் கணவர் திருஞானமும் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் குடிவந்தோம்.

போன ஆவணியில் வகுத்தல் ஆய்வாளர் தனகோட்டி வந்து, வாசலில் நின்றபடியே கணக்குப் போட்டார்.

"ஐம்பத்தொம்பதால வகுபடுதும்மா. ஐந்நூத்தி ஒம்பது வருது. மீதி இல்லை."

"பகா எண்ணுன்னு உங்க ஆபீஸ்தானே எழுதிக் குடுத்துச்சு?"

பழைய கோப்பைப் பிரித்துக் காட்டினார். அன்றைய ஆய்வாளர் 2, 3, 5, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்திருக்கிறார். ஆறு தடவையும் மீதி ஒன்று. ஆளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. 'இனியும் ஒன்றே மீதி வரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து 17ஆல் வகுத்திருந்தால் மீதி ஒன்பது வந்திருக்கும், அந்த மனுஷன் விழித்துக்கொண்டிருப்பான். ஒரே ஒரு கணக்கு! அதைப் போட அவனுக்குக் கை வலித்ததா?

"ஐம்பத்தொம்பது துண்டா வேணுமா, ஐந்நூத்தி ஒம்பது துண்டா வேணுமா?" என்று தனகோட்டி மரியாதையாகக் கேட்டார். ஐம்பத்தொன்பது என்றேன்.

மதியத்துக்குள் வெட்டிவிட்டார்கள். எட்டாவது துண்டு எனக்கு, நாற்பத்தொன்றாவது திருஞானத்துக்கு. நடுவில் முப்பத்திரண்டு அந்நியர்கள் பாய் தலையணையோடு வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் 509 என்று எண் போட்டார்கள். இந்த முறை யாரையும் நம்பாமல் நானே உட்கார்ந்து 23 வரைக்கும் வகுத்துப் பார்த்தேன். அது பகா எண்தான்.

மறுநாளே நகராட்சிக்குப் போனேன்.

"எங்க ரெண்டு பேர் துண்டையும் சேர்த்துக் குடுங்க."

"சேர்த்தா ஆயிரத்துப் பதினெட்டும்மா. இரட்டைப்படை. திரும்ப ரெண்டா வெட்டணும்," என்றார் தனகோட்டி.

"வெட்டுறதுக்கு முன்னாடி எத்தனை நாள் நோட்டீஸ்?"

"சேர்த்து ஒட்டுன வீடுன்னா பதினஞ்சு நாள்."

"அந்தப் பதினஞ்சு நாளைக் குடுங்க."

கிரேனில் திருஞானத்தின் துண்டைத் தூக்கிவந்து என் துண்டோடு ஒட்டவைத்துச் சிமெண்ட் பூசினார்கள். பதினைந்து நாளும் நாங்கள் வெளியே எங்கும் போகவில்லை.

பதினாறாம் நாள் காலையில் ரம்பத்தோடு ஆட்கள் வந்தபோது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எழுந்திருக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். அவரும் தலையைத் தூக்கவில்லை. அவர்கள் நூல் பிடித்துக் கோடு போட்டு, கோட்டின்மேலேயே வெட்டிக்கொண்டு போனார்கள்.

அவருடைய இடது கை என் துண்டில் வந்துவிட்டது.

அதைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லித் தனகோட்டி மூன்று கடிதம் அனுப்பிவிட்டார். மூன்றையும் கிழித்துப் போட்டேன். வெட்டியது அவர்கள், நான் ஏன் ஒப்படைக்க வேண்டும்? திருஞானம் போன் செய்து, "உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

சாயந்திரம் நானும் அந்தக் கையுமாக வெங்காயம் உரிக்கிறோம். ஒற்றையாக அதற்குச் சிரமமாக இருக்கிறது. நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறேன்.