லென்ஸுக்கு வைத்த பொட்டு

அக்டோபர் 6, 2025, திங்கள்

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததில் ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். ‘சிறு’ என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

காலாண்டு விடுமுறைக்கு முன்பே பள்ளியில் பூஜையை முடித்துவிட்டார்கள். மாலை வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுப்பவன் என்பதால் ஆய்வகம் என் தலையில் விழுந்தது. “கிளமெண்ட் சார், ஒரு பாகம் விடுபடக் கூடாது” என்றார் தாளாளர் நல்லகாமன். எங்கள் வீட்டில் பூஜை வழக்கம் இல்லை. எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பாடப்புத்தகத்தைத் திறந்து, நுண்ணோக்கியின் பாகங்களைக் குறித்த படத்தைப் பார்த்து, அதே வரிசையில் வைத்துக்கொண்டு போனேன். கைப்பிடி, மேடை, அடிப்பாகம். கடைசியாக, பொருளை நோக்கிக் கீழே இருக்கும் லென்ஸ். சந்தனம், அதன்மேல் குங்குமம்.

அது பிழை என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். அந்த நுண்ணோக்கி வழியாக இதுவரை யாரும் எதையும் பார்த்ததில்லை.

ஒத்தக்கடை தாண்டி இருக்கும் எங்கள் பள்ளிக்கு ஒரு கம்பெனி கொடுத்த ஆய்வகம் அது. நாடா வெட்டினார்கள், கைதட்டினார்கள், பூட்டினார்கள். மேசைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. “புழங்குனா அழுக்காயிரும் சார்” என்பார் தாளாளர். சாவி அவர் இடுப்பில், பீரோ சாவியோடு தொங்குகிறது. பிள்ளைகள் வெளியே நின்று, ஜன்னல் வழியாகப் பார்த்துப் பாகங்களை ஒப்பிக்கிறார்கள்.

சத்யப்ரியா என்ற மாணவி போன மாதம் கேட்டாள். “சார், செல்லுன்னு நெசமாவே ஒண்ணு இருக்கா, இல்ல படத்துல மட்டும்தானா?” அன்றிலிருந்து நான் சாவி கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனி மேலாளர் பார்வையிட வரும்போது நல்லவிதமாக ஒரு வார்த்தை சொன்னால் மாலை வகுப்புக்குத் திறந்துவிடுவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார்.

அந்த மேலாளர் செல்வக்குமார் இன்று வந்தார். நான் வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்திருந்தேன். அவர் குனிந்து பார்த்தார். சற்று நேரம் அசையவில்லை.

“அருமை. செல் சுவர், நியூக்ளியஸ் எல்லாம் தெளிவா இருக்கு.”

தாளாளரும் குனிந்தார். “எம்புட்டு செல்லு” என்றார்.

பிறகு நான் பார்த்தேன். ஒரே மஞ்சள் மூட்டம். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். முதலில் சந்தேகப்பட்டது என் கண்ணைத்தான். அப்புறம்தான் கடைசிப் பொட்டு ஞாபகம் வந்தது.

“தெரியுதா சார்?” என்றார் தாளாளர்.

“தெரியுது சார்” என்றேன். எனக்குச் சாவி வேண்டியிருந்தது.

அடுத்தது, பிள்ளைகள் வரிசையில் முதலில் நின்ற சத்யப்ரியா. பார்த்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இன்னும் நெருங்கி மூக்கை உறிஞ்சினாள்.

“செல்லு ஒண்ணையும் காணோம் சார். மஞ்சளா இருக்கு. சந்தன வாசம் வேற அடிக்குது.”

“வெங்காயத்துல ஏம்மா சந்தன வாசம்?” என்றார் தாளாளர். “இம்புட்டுப் பேருக்குத் தெரியுறது ஒனக்கு மட்டும் தெரியலையா? கிளமெண்ட் சார், இந்தப் பிள்ளை பேர எடுத்துருங்க. லேப்புக்கு வர வேணாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள்.

“அவ சொல்றது சரி சார்” என்றேன். “லென்ஸ்ல இருக்கிறது சந்தனம். பூஜைக்கு நான்தான் வச்சேன். எனக்கும் ஒண்ணும் தெரியல.”

தாளாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் நுண்ணோக்கியைப் பார்த்தார். சாவி போயிற்று, அநேகமாக வேலையும் போயிற்று என்று நினைத்தேன்.

“அதான பார்த்தேன்” என்றார் செல்வக்குமார். “செல்லுக்குச் சாயம் ஏத்தித்தான் பாக்கணும். இவர் இயற்கைச் சாயம் பயன்படுத்தியிருக்கார். நம்ம ஊர்ப் பொருள், செலவு கம்மி. எங்க ஆண்டறிக்கையில போடலாம்.”

“சாயத்த வெங்காயத்துக்குத்தான் சார் போடணும்” என்றேன். “லென்ஸுக்கு இல்ல.”

“அங்கதான் சார் உங்க புதுமை” என்று என் கையைக் குலுக்கினார்.

அவர் கார் ஏறியதும் தாளாளர் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினார். “நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு போட்டோக்காரன் வாரான். அஞ்சு மணிக்கே தெறந்து பிள்ளைகள வரிசையா நிப்பாட்டுங்க. சந்தனத்துல மட்டும் கை வச்சிராதீங்க. அப்படியே இருக்கணும். படம் எடுத்து முடிச்சதும் சாவி எங்கிட்ட வந்துரணும்.”

வாசலில் சத்யப்ரியா நின்றிருந்தாள். “தெரியுதுன்னு முதல்ல ஏன் சார் சொன்னீங்க?”

“சாவிக்காக.”

“கிடைச்சிருச்சா?”

“ஒரு மணி நேரத்துக்கு.”

“போதும் சார், ஒரு தடவ பாக்குறதுக்கு” என்றாள். ஆறுதல் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.

நாளை: பஞ்சு, ஸ்பிரிட், ஒரு வெங்காயம், வெங்காயத்துக்குப் போடும் சாயம். ஐந்து மணிக்குத் திறந்து லென்ஸைத் துடைக்க வேண்டும். முதலில் சத்யப்ரியா, பிறகு மற்றவர்கள் பார்க்க வேண்டும். ஆறு மணிக்குள், அதே இடத்தில், அதே அளவில் மறுபடி பொட்டு வைக்க வேண்டும். சந்தனம் வீட்டில் இல்லை. காலையில் வாங்க வேண்டும்.