அமராவதியின் படத்திறப்பு

கூட்டத்துக்குத் தலைவர் யார் என்று அமராவதியின் அப்பா சக்கரபாணி மாமா என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. சிதம்பரம் கீழவீதி மண்டபத்து வாசலில் கார் வந்து நின்று, அதிலிருந்து நடனசபாபதி இறங்கியபோதுதான் தெரிந்தது. இந்த ஆளுடைய தம்பிதான், நெல் திருடினான் என்று சொல்லிக் குப்புவின் புருஷனைக் களத்துத் தென்னைமரத்தில் கட்டிவைத்து அடித்தே கொன்றவன். திங்கட்கிழமை கடலூர் செஷன்ஸ் கோர்ட்டில் அந்த வழக்கு. அத்தனை பேர் பார்த்திருந்தும், பார்த்ததைச் சொல்கிறேன் என்று நிற்பவள் குப்பு ஒருத்திதான். அவளை அப்படி நிற்க வைத்தவள் அமராவதி. அவளுடைய படத்தைத் திறக்க இந்த ஆளா?

"என்ன மாமா இது?" என்று சக்கரபாணி மாமாவைத் தூண் மறைவுக்கு இழுத்துப்போய்க் கேட்டேன்.

"பெரிய மனுஷன் தலைமை தாங்குனாதாம்மா கூட்டத்துக்கு ஒரு மரியாத. அவரே வூடு தேடி வந்து கேட்டாரு. எறந்துபோன பொண்ணு மேல என்னா பகைன்னாரு. நா எப்பிடிம்மா மாட்டேங்கிறது?"

பெண்ணை மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதர். முகம் வீங்கியிருந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தலைவரும் மாலையும் மைக்கும் இல்லாமல் ஒரு சாவைக்கூட நினைத்துப் பார்க்கத் தெரியாத ஊரைத்தான் மனதுக்குள் திட்டினேன்.

நானும் அமராவதியும் ஒரே வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டுகள். நான் அடித்த காகிதத்தை மறந்துவிட்டு டீ குடிப்பேன். அவள் அடித்த காகிதத்தில் இருக்கும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவாள். வெட்டுப்பட்டவன் வீடு, கெடுக்கப்பட்ட பெண்ணின் வீடு, எல்லாரும் ஒதுங்கிப்போகிற வாசல் எதுவோ அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போவாள். தாய் கூண்டில் ஏறினால் கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வாள். எதிர்க்கட்சி வக்கீல் காது கூசுகிற கேள்வி கேட்ட அன்று, கோர்ட்டு வேப்பமரத்தடியில் தயிர்சாதத்தைப் பிசைந்து அந்தப் பெண்களுக்கு ஊட்டியும் விட்டிருக்கிறாள். "எழவு வுழுந்த வூடா பாத்துப் போறியேடி, உன்ன எவன் கட்டுவான்?" என்று அவள் அம்மா புலம்புவாள். அமராவதி சிரிப்பாள். இப்போது படத்தில் சிரிப்பே இல்லை. அவள் ஒருநாளும் போடாத இரட்டைவடச் சங்கிலியை ஸ்டூடியோக்காரர் கழுத்தில் வரைந்து வைத்திருந்தார்.

குப்பு புவனகிரிப் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி பெரியவள் செல்லாயி. வாசலில் காரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"திங்கக்கெழம நீங்க வருவீங்களாக்கா?"

"மொத பஸ்சுக்கே வரேன் குப்பு."

"அழுவ வந்தா அழுதுட்டு சொல்லுன்னு சொல்லுவாங்க அமராவதிக்கா. சொல்லிப்புடுவேங்க்கா. அழுதுட்டாவது சொல்லிப்புடுவேன்."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இவளை இனி யாரும் அசைக்க முடியாது என்றே நினைத்தேன்.

நடனசபாபதி துணியை விலக்கினார், மாலை போட்டார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அமராவதி தனக்குத் தங்கை மாதிரி என்றார். அவள் விட்டுப்போன பணியைத் தானே ஏற்றுச் செய்யப்போவதாகச் சொன்னார். பிறகு, "குப்பு, மேல வாம்மா" என்று மைக்கிலேயே கூப்பிட்டார். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. போகாமல் என்ன செய்வாள்? பிள்ளைகளோடு மேடை ஏறினாள். புதுப்புடவை ஒன்றை அவள் கையில் திணித்தார். செல்லாயியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்தப் புள்ள இனிமே எங்க வூட்டுப் புள்ள. இன்னியிலேர்ந்து எங்க வூட்லயே வளரட்டும்."

மண்டபம் கைதட்டி அதிர்ந்தது. சக்கரபாணி மாமா தேம்பித் தேம்பி அழுதார். தன் மகளுக்குக் கிடைத்த பெருமை என்று நினைத்திருப்பார், பாவம். குப்பு கீழே இறங்கிவிட்டாள். குழந்தையை அவர் விடவில்லை. தன் நாற்காலிப் பக்கத்தில் நிறுத்தி, அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்போது அமராவதியின் உயிர்த்தோழி தனம் நன்றி கூறுவார்" என்று அறிவித்தார்கள். என்னை யாரும் முன்னால் கேட்கவில்லை. எப்படி எழுந்தேன், எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. தம்பி செய்த கொலையை இந்த மைக்கிலேயே சொல்லிவிடுவது, திங்கட்கிழமை குப்பு கூண்டில் ஏறுவாள் என்று அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைப்பது என்று வாயைத் திறந்தேன்.

பெண்கள் வரிசையில் குப்பு உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மகளின் தலைமேல் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மண்டபம் காத்திருந்தது. மைக்செட்டுக்காரன் சத்தத்தைக் கூட்டி வைத்தான். வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களில் என் மூச்சு மட்டும் கீழவீதி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.