நகோட் கட்டியிருந்த வேட்டி

எங்கள் அகராதி அலுவலகத்துக்குப் பழைய ஆங்கிலச் சொற்கள் நேரில் வரும். ஆயிரம் வருடத்துக்கு முந்தியவை என்பதால் மாடி ஏறச் சிரமப்படும். தமிழில் பொருள் எழுதி முடிக்கும்வரை அவற்றைத் தாழ்வாரத்தில் உட்கார வைப்போம்.

ஈயா வந்தது. ஆறு என்று பொருள். படிக்கட்டு முழுக்க ஈரம். காட்டுக்கு உரிய சொல்லை வாசலில் வாட்ச்மேன் லூர்து பிடித்து நிறுத்திப் பெயர் கேட்டிருக்கிறார். அது "வுடு" என்றிருக்கிறது. அதன் பெயரே அதுதான். அவர் விட்டுவிட்டார். மரங்களோடு அது பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டது.

நாட்ரே என்ற பாம்பு மட்டும் தினமும் வந்தது. பிற்கால ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்து நழுவி, முன்னால் நின்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது. அந்த எழுத்தைத் தேடி எங்கள் மேசைகளுக்கு அடியில் ஊரும். நாங்கள் காலைத் தூக்கிக்கொள்வோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை நகோட் வந்தார். அம்மணம் என்று பொருள். அவர் அப்படித்தான் வந்தார். ஒல்லியான பெரியவர். முழங்கால்கள் மட்டும் பெரியவை.

"யாரைப் பாக்கணும்?" என்றேன்.

"என்னைத்தான் பாக்கணும்" என்றார்.

என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் செண்பகவல்லி மேடம் மதியம் விருந்தினர்களோடு வருவதாக இருந்தது. என் பையில் புது வேட்டி ஒன்று இருந்தது. தங்கை ஷர்மிளா பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் கணவருக்குக் கொடுப்பதற்காக வாங்கியது. அதை எடுத்து நகோடின் இடுப்பில் கட்டிவிட்டேன். அளவெடுக்கும் டெய்லருக்கு முன்னால் நிற்பவரைப் போல அவர் கைகளைத் தூக்கிக்கொண்டார்.

"குளிருமேன்னுதான்" என்றேன்.

"எனக்குக் குளிரலையே."

"குளிரும்."

உண்மையில் எனக்குத்தான் கூச்சம்.

மேடம் வந்தார். "யார் இவரு?"

"ஒரு சொல், மேடம்."

"என்ன பொருள்?"

நான் பார்த்தேன். சுத்தமாக வேட்டி கட்டிய ஒரு பெரியவர். அம்மணம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"தெரியல, மேடம்."

"வேட்டி நீங்க குடுத்தீங்களாமே. நல்ல மனசு" என்றார். விருந்தினர்கள் கைதட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் வாழைப்பழம் உரியவில்லை. தோலைக் கீழே இழுத்தால் திரும்ப மேலே ஏறி மூடிக்கொண்டது. முட்டை ஓடும் அப்படியே. நாட்ரே கதவு நிலையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அது சட்டை உரிக்கும் பருவம்.

"றுக்குது" என்றது. எல்லாவற்றையும் முதல் எழுத்தை விட்டுவிட்டுப் பேசுவது அதன் வழக்கம். இறுக்குகிறது என்று புரிந்துகொண்டேன். காலைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஷர்மிளா போன் செய்தாள். "அண்ணா, பையன் பொறந்துட்டான்."

"சந்தோஷம்மா."

"முழுக்கை சட்டையோட பொறந்திருக்கான்."

"என்ன கலரு?"

"வெள்ளை. கட்டம் போட்டது. பேண்ட்டு, ஷூ எல்லாம் இருக்கு. ரொம்ப நீட்டா இருக்கான்னு டாக்டர் சொல்றாரு."

குழந்தை அழுவது கேட்டது.

"கழட்ட வரல, அண்ணா. என்னோடதும் கழட்ட வரல. எப்படிப் பால் குடுப்பேன்? அவன் தோலை நான் இன்னும் தொடவே இல்ல."

நகோட் தாழ்வாரத்தில் இல்லை. எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ ஒரு சட்டையும் கிடைத்திருந்தது.

"வேட்டியத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

"குளிரும்னீங்க."

"பொய் சொன்னேன். எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

"இப்போ?"

"இப்பவும்தான்."

அவர் வேட்டி நுனியைத் தடவிப் பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் யாருன்னு மறந்துட்டே வருது" என்றார். "எல்லார் முன்னாடியும் எம் பேருக்குப் பொருள் சொல்லுங்க. அவிழ்த்துடறேன்."

மேடம் இன்னும் விருந்தினர்களோடு நின்றிருந்தார். நான் அவர்கள் நடுவில் போய் நின்றேன். "அம்மணம்" என்றேன். யாரோ இருமினார்கள். நகோட் எழுந்து வேட்டியை அவிழ்த்தார்.

"என்ன இது?" என்றார் மேடம்.

வேண்டாதவரைப் பார்ப்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செய்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

"அவருக்கு வேர்க்குதாம், மேடம்" என்றேன். "பாவமா இருந்துச்சு."

"நல்ல மனசு" என்றார் மேடம்.

நகோட் மட்டும் கைதட்டவில்லை. மேசைக்கு அடியில் நாட்ரே சட்டையை உரித்துப் போட்டுவிட்டு ஈரமாகப் பளபளத்தது. என்னைத் தாண்டும்போது வேகமாகப் போனது.

ஆஸ்பத்திரியில் குழந்தை பால் குடித்து முடித்திருந்தான். சிவந்த தோல். முதுகில் பூனைமயிர். ஷர்மிளா அவன் காலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"தூக்கிக்கோ அண்ணா. சட்டையக் கழட்டிட்டு நெஞ்சுல போட்டுக்கோ. ஒடம்புச் சூடு படணுமாம், நர்ஸ் சொன்னாங்க."

பட்டனைக் கழற்றினேன். உள்ளே இன்னொரு சட்டை இருந்தது. அதையும் கழற்றினேன். அதற்குள் வேறொன்று. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக வாங்கி நாற்காலியில் போட்டார். நாற்காலி நிறைந்ததும் ஜன்னல் மேடையில் அடுக்கினார்.

"இன்னும் நெறைய இருக்கா, மச்சான்?"

"தெரியல, மாப்ள."

குழந்தை சிணுங்கினான். ஷர்மிளா அவனை என் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"அவசரமில்லண்ணா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நான் அடுத்த பட்டனைத் தேடினேன்.