எல்லோருக்கும் நாற்பது

மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி, பஸ் டிரைவரின் கடைசி நடை முடியும் இடத்துக்கு நேர் எதிரில் இருந்தது. அரை மணி நேர ஓட்டம். ஆபரேஷனுக்கு அழைத்துப் போவதற்குள் பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். டைம் கீப்பர்தான் நடைச் சீட்டில் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒன்பது மணி பத்து நிமிஷம் ஓட்டிட்டீங்க. ஒன்பது தாண்டினா ஸ்டியரிங்கத் தொடக்கூடாது. ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துட்டு வாங்க."

"காலையில நாலு மணி பத்து நிமிஷம், மத்தியானம் நாலு மணி இருபது. எட்டரைதானே சார் ஆகுது?"

டைம் கீப்பரிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. மணியையும் நிமிஷத்தையும் ஒரே எண்ணாக எழுதிக் கூட்ட வேண்டும். கடைசி இரண்டு இலக்கம் அறுபதைத் தொட்டால் நாற்பது சேர்க்க வேண்டும்; அறுபது நிமிஷம் நூறாகி ஒரு மணி நேரமாக ஏறிவிடும். அருமையான வழிதான். ஆனால் மனுஷர் நேர்மைப் பைத்தியம். ஒருவருக்குச் சேர்த்து இன்னொருவருக்குச் சேர்க்காமல் விடுவது பாரபட்சம் என்று, வேலைக்கு வந்த முதல் நாளே எல்லோருக்கும் ஆளுக்கொரு நாற்பது போட ஆரம்பித்துவிட்டார்.

"நானூத்திப் பத்தும் நானூத்தி இருபதும் எண்ணூத்தி முப்பது. உங்க நாப்பதச் சேத்தா எண்ணூத்தி எழுபது. எழுபது அறுபதத் தாண்டிடுச்சு, அதுக்கு ஒரு நாப்பது. தொள்ளாயிரத்திப் பத்து. எங்க தப்பு, காட்டுங்க!"

கண்டக்டர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். பஸ்ஸிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் இறங்கி வந்து பேப்பரில் போட்டுக் காட்டினார். "சலுகை கேக்காதீங்கம்மா," என்று அவரையும் திருப்பி அனுப்பினார் டைம் கீப்பர். டிரைவர் பத்து நிமிஷம் தொண்டை கிழியக் கத்தினார். அப்புறம் பத்து நிமிஷம் பெஞ்சில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அழுகையே வந்துவிட்டது. சட்டென்று எழுந்தார்.

"சார், கத்தினது பத்து, உக்காந்தது பத்து. ஸ்டியரிங்கத் தொடல. ஓய்வுதானே?"

"ஓய்வுதான்."

"இருபதாச்சு. என் நாப்பதச் சேருங்க."

"அறுபது." பேனா நின்றது. "தொட்டுடுச்சே! அப்ப இன்னொரு நாப்பது. நூறு. ஒரு மணி நேரம்!" டைம் கீப்பர் எழுந்து கைகுலுக்கினார். "நல்லா ஓய்வெடுத்திருக்கீங்க. கிளம்புங்க."

ஆஸ்பத்திரிப் படிகளை டிரைவர் இரண்டிரண்டாகத் தாவினார். ஆபரேஷன் அறை வாசலில் மனைவியின் ஸ்ட்ரெச்சரை உள்ளே திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போயிட்டீங்க இவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷந்தாம்மா லேட்டு."

"இருபதா? எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சுங்க." அவள் கண்ணில் நீர் வழிந்தது.

டிரைவர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஒரு மணி நேரந்தாம்மா," என்றார். அந்தக் கணக்கில் அவருக்கு இப்போது ஒரு தப்பும் தெரியவில்லை.