பாதிப் பை களிமண்

வார்ப்பு அச்சுக்கான மணலை இறுக்கிப் பிடிக்க பென்டோனைட் களிமண் வேண்டும். கடை கடையாக ஏறி இறங்கினேன். போர்வெல் சாமான் விற்பவன், "லாரி லோடா எடுத்தா தரேன்" என்றான். வீட்டுக் கொல்லையில் அலுமினியம் உருக்குகிறவனுக்கு லாரி லோடாம்!

மனைவி பரணிலிருந்து பாதிப் பை ஒன்றை இறக்கினாள். பூனையின் கழிவுத் தட்டில் கொட்ட வாங்கியது.

"இதுவும் அதே களிமண்தான், பையிலேயே போட்டிருக்கு. இனிமே யாருக்கு?"

பூனை போன வாரம் செத்துவிட்டது.

பழைய மிக்ஸியில் அரைத்து, மணலில் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். பிடித்துப் பார்த்தால் விரல் ரேகைகூட அப்படியே பதிந்தது. பெட்டியில் கொட்டிப் பலகையால் மூடி, மேலே செங்கல்லும் வைத்தேன்.

"செங்கல் எதுக்குங்க?"

"பூனை வந்து கிளறும்ல" என்றேன்.

அவள் காலிப் பையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.